நடுவர் இல்லாத மேசை

கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெளியே வழக்கம்போல மழை. நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், பொம்மைப் படைகள் நின்ற ஒரு மேசையில் மூக்கு இடிக்காத குறையாகக் குனிந்து ஒரு டைஸை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பிளாஸ்டிக் இடிபாட்டின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நாலு, அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு. இந்தப் பக்கம் நின்றவன் நான். நாலு என்றால் அவருடைய தளபதி செத்தான், இரண்டு என்றால் பிழைத்தான். ஐந்து நிமிடம் பேசினோம், குரல் கொஞ்சம் உயர்ந்தது, கடைசியில் மறுபடி உருட்டினேன், ஒன்று விழுந்தது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை; மீதி ஒன்றரை மணி நேரமும் ஆபீஸில் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒரே லிப்டில் நிற்கிற மாதிரிதான் ஆடினோம்.

தோட்டத்து வீட்டில் என் பாட்டி தாயம் ஆட உட்கார்ந்தால், கட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே சட்டம் சொல்லிவிடுவார். பாயைத் தாண்டினால் செல்லாது, காலில் பட்டால் செல்லாது, சாய்ந்து நின்றால் செல்லாது, பேத்தி அழுதாலும் செல்லாது. பள்ளிக்கூடம் போகாத அந்தக் கிழவிக்குத் தெரிந்தது, இரண்டு பட்டதாரிகளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. விரல் உயரப் பொம்மைகளை நாமே ஒட்டி, நாமே பெயின்ட் அடித்து, ஒரு படையாக்கி, எதிராளியின் படையோடு மேசையில் மோதவிடுவதுதான் மினியேச்சர் போர் ஆட்டம். சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது; அளவு டேப்பை விரித்து அங்குலக் கணக்கில் நகர்த்துவோம், சுட்டது பட்டதா என்பதை டைஸ் சொல்லும். நான் ஆடுவது வார்ஹேமர் 40,000, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. இப்போது வழக்கமான ஆட்டம் என்றால் ஆளுக்கு 2,000 புள்ளி மதிப்புள்ள படை, 60க்கு 44 அங்குல மேசை, ஐந்து சுற்று. மூன்று மணி நேரம் ஆகும் என்பார்கள். ஆகாது, அதற்கு மேல் ஆகும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்த மேசையில் நடக்கும் மனத்தாங்கல்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. ஆட்களின் குணம் கெட்டுப்போனதால் வருவது கொஞ்சம்தான். பெரும்பாலும் இது ஒரு காலிப் பதவியின் கோளாறு. இந்த ஆட்டத்தில் முதலில் நடுவர் ஒருவர் இருந்தார், அவரை அனுப்பிவிட்டார்கள், அவர் பார்த்த வேலையை மட்டும் ஆடுகிற இருவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதன் மூதாதையான கிரீக்‌ஷ்பீல், பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் பயிற்சி. ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் அரசருக்கு அதன் ஒரு வடிவத்தைக் காட்டினார். ராணுவ அதிகாரியான அவருடைய மகன் 1824-இல் அதைச் செப்பனிட்டு வெளியிட்டார். அதில் இரு தரப்பும் தங்கள் உத்தரவை நடுவரிடம் கொடுக்க வேண்டும். படையை நகர்த்துவது அவர், டைஸ் பார்ப்பது அவர், எந்தத் தரப்புக்கு எதிரிப் படை கண்ணில் படும் என்று தீர்மானித்து அதை மட்டும் வரைபடத்தில் வைப்பதும் அவர். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி இன்னும் ஒரு படி மேலே போய், விதி அட்டவணைகளே வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்று ஒரு முறையை எழுதினார். அதாவது தகராறு வர வழியே இல்லை. வந்தாலும் அது மேலதிகாரியோடு வரும் தகராறு, வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஆட்டம் படைமுகாமை விட்டு வீட்டுக்கு வந்தது. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகத்தில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை எழுதினார். தரையில் ஆடுவது, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு விழவைப்பது. ஆட வந்தவர்கள் நண்பர்கள், அவர்களுக்கு எதற்கு நிரந்தர நடுவர்? ஆனால் அந்தப் புத்தகத்திலேயே கடிகாரம் வந்துவிடுகிறது: முப்பது சிப்பாய்க்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம், 110 பேரும் 3 பீரங்கியும் உள்ள படையை நகர்த்த ஏழு நிமிடம் தாராளம் என்கிறார். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒருவர் அந்த வீட்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தாடையைத் தடவிக்கொண்டே இருபது நிமிடம் யோசித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விதிக்கு அவசியமே வந்திருக்காது.

மெதுவாக ஆடுவதுதான் இன்றைக்கும் முதல் புகார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரம், ஐந்து சுற்று, சுற்றுக்கு இருவரும் ஒருமுறை, மொத்தம் பத்து முறை. ஒரு முறைக்குப் பதினெட்டு நிமிடம்தான். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் இருபது பேர் கொண்ட ஒரே ஒரு பிரிவு ஆளுக்கு இரண்டு முறை சுட்டால் நாற்பது டைஸ். அதில் பட்டவை எத்தனை என்று பிரித்து, பட்டவற்றைக் காயமாக்க மறுபடி உருட்டி, அதை எதிராளி கவசத்தில் தடுக்க உருட்டி, சில படைகளுக்கு அதற்கு மேலும் ஒரு தடுப்பு உருட்டல். இப்படிப் பத்துப் பிரிவு. இதற்கு நடுவில் ஒருவர் போனை எடுத்து விதி தேடினால் முடிந்தது கதை. இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. தன் முறையில் யோசிப்பவரை நான் குறை சொல்லமாட்டேன், எதிராளியின் முறையில் யோசிக்காமல் போனில் வீடியோ பார்த்துவிட்டுத் தன் முறை வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பவரைத்தான் சொல்வேன்.

ஆனால் அதிலும் ஒரு நியாயம் உண்டு. வார்ஹேமரில் ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்தி, சுட்டு, மோதி முடிக்கும்வரை மற்றவருக்குப் பெரிதாக வேலை கிடையாது, தடுப்பு டைஸ் உருட்டுவது மட்டும்தான். இருபது நிமிடம் சும்மா நில் என்றால் யாருக்கும் கை போனுக்குத்தான் போகும். 2012-இல் வந்த போல்ட் ஆக்‌ஷன் என்ற இரண்டாம் உலகப் போர் ஆட்டத்தில் இரு தரப்பின் டைஸும் ஒரே பைக்குள் கிடக்கும். எடுக்கும்போது யாருடைய நிறம் வருகிறதோ அவர் ஒரு பிரிவை மட்டும் இயக்கலாம். அடுத்தது யார் என்று தெரியாததால் யாரும் மேசையை விட்டு நகர்வதில்லை. அங்கே இந்தப் புகாரை நான் அதிகம் கேட்டதில்லை.

செஸ் கடிகாரம் வைத்தால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம், போட்டிகளில் வைக்கிறார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கடிகாரத்தைத் தூக்கி வைத்தால், என்ன அண்ணே என்மேல் நம்பிக்கை இல்லையா என்ற முகம் வரும். "எனக்கு ஆறு மணிக்கு மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரணும், கடிகாரம் வெச்சுக்கலாமா" என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கும் கோபம் வராது. நான் செய்திருக்கிறேன். மகள் ஏழு மணிக்குத்தான் முடிப்பாள் என்பது தனி விஷயம்.

டைஸுக்கு வருவோம். சாய்ந்தது செல்லுமா என்பதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு: சாய்ந்த டைஸின் தலையில் இன்னொரு டைஸை வைக்க வேண்டும், நின்றால் செல்லும், வழுக்கினால் மறுபடி உருட்டு. மேசையை விட்டுத் தரையில் விழுந்தால் மறு உருட்டல். எதுவாக இருந்தாலும் பாட்டி மாதிரி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இதைவிட எனக்கு எரிச்சல் தருவது, உருட்டிய கையோடு டைஸை அள்ளிக்கொண்டு "பன்னிரண்டு பட்டது" என்று அறிவிப்பது. பன்னிரண்டாகவே இருக்கலாம். நான் பார்க்கவில்லையே. அதனால்தான் தோற்ற டைஸை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு வென்றதை மேசையிலேயே விட வேண்டும் என்பது வழக்கம். மிச்சம் கிடப்பதை இருவரும் எண்ணலாம், அதையே எடுத்து அடுத்த உருட்டலுக்கும் போகலாம், நேரமும் மிச்சம். இன்னொன்று, படைச் சின்னம் பொறித்த அழகு டைஸ். சிலவற்றில் ஆறு இருக்க வேண்டிய முகத்தில் சின்னம் இருக்கும், சிலவற்றில் ஒன்று இருக்க வேண்டிய முகத்தில். இரண்டு வகையையும் கலந்து போட்டுக்கொண்டு வந்த ஒருவரோடு ஆடியிருக்கிறேன். ஏமாற்றவில்லை, அவருக்கே குழப்பம், மூன்றாம் சுற்றில் இருவருமாகச் சேர்ந்து தரம் பிரித்தோம்.

டைஸ் சரியாக விழவில்லை என்று மூன்று மணி நேரம் புலம்புபவர்களும் உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வானிலிருந்து இறங்கும் பிரிவு எதிரிக்கு 9 அங்குலத்துக்கு அப்பால்தான் இறங்க முடியும், அங்கிருந்து பாய்ந்து மோத இரண்டு டைஸில் ஒன்பதாவது விழ வேண்டும். முப்பத்தாறு சேர்க்கைகளில் பத்துதான் ஒன்பதோ அதற்கு மேலோ வரும், நூற்றுக்கு இருபத்தெட்டுக்கும் குறைவு. நாலு தடவை முயன்றால் ஒன்று பலிக்கும் என்று நினைத்து ஆடினால் மனம் நிம்மதியாக இருக்கும். புலம்பலில் இன்னொரு தொல்லை, புலம்புகிறவர் எதிரில் நன்றாக ஆடி ஜெயித்தவர் ஏதோ லாட்டரி அடித்தவர் மாதிரி ஆகிவிடுகிறார்.

அளவு எடுப்பதில்தான் நுணுக்கமான சண்டைகள். பொம்மை நிற்கும் வட்டத் தட்டை பேஸ் என்போம். பேஸின் முன் விளிம்பிலிருந்து அளந்து, பின் விளிம்பைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் பேஸின் அகலம் இலவசம். 32 மில்லிமீட்டர் பேஸ் என்றால் ஒன்றேகால் அங்குலம் சும்மா கிடைத்துவிடும். தெரிந்து செய்பவர் குறைவு, கை அப்படிப் பழகிவிட்டது. முன்பெல்லாம், 2012-இல் ஆறாம் பதிப்பு வரும்வரை, சுடுகிறேன் என்று அறிவித்த பிறகுதான் டேப்பை விரிக்கலாம், முன்கூட்டி அளக்கக் கூடாது. அந்தக் காலத்து ஆட்கள் தற்செயலாகச் செய்வது போல மேசையில் முழங்கையை ஊன்றுவார்கள், பிரிக்பீல்ட்ஸில் பூக்காரம்மா முழம் போடுவது மாதிரி. தன் கை எத்தனை அங்குலம் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

இப்போது எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். அதனால் சண்டை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. நான் ஐந்து பேரை, உங்கள் வான்படை என் பின்னால் இறங்க முடியாதபடி இடைவெளி பார்த்துப் பரப்பி நிறுத்துகிறேன் என்று வையுங்கள். அரை மணி நேரம் கழித்து நீங்கள் வந்து டேப்பை வைத்து, 9 அங்குலத்துக்கு ஒரு நூல் அதிகம், இறங்குகிறேன் என்கிறீர்கள். நான் சரியாக வைத்தேனா, இடையில் யாருடைய சட்டைக் கையாவது பட்டு நகர்ந்ததா, யாருக்குத் தெரியும்? இதற்கு மருந்து ஒரே ஒரு வாக்கியம். "இந்த அஞ்சு பேரையும் நீங்க பின்னால இறங்க முடியாத மாதிரி வைக்கிறேன், பாத்துக்கோங்க, சரியா?" அவர் டேப்பை வைத்துப் பார்த்து "சரி அண்ணே" என்றால் அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கவலை இல்லை, ஒத்துக்கொண்டது வாயால் ஒத்துக்கொண்டது. அனுபவசாலிகள் ஆடும் மேசையில் பேச்சு அதிகமாக இருப்பது இதனால்தான். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து அரட்டை என்று நினைக்கிறார்கள், உண்மையில் இரண்டு பேர் சேர்ந்து நடுவர் வேலை பார்க்கிறார்கள்.

டேப் என்றதும் ஒன்று. இங்கே ஹார்ட்வேர் கடைகளில் சீனர்களின் பெங் சுயி டேப் கிடைக்கும், நல்ல அளவு சிவப்பிலும் கெட்ட அளவு கறுப்பிலும் குறித்திருக்கும், வாசல் கதவுக்கு அளவு பார்ப்பதற்கு. என் நண்பர் ஒருவர் ஆட்டத்துக்கு அதைத்தான் கொண்டுவருவார். பாய்ச்சல் கறுப்பில் முடிந்தால் வேறு இலக்கு பார்ப்பார். இதற்கு விதிப்புத்தகத்தில் தடை இல்லை.

நகர்த்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்பது அடுத்தது. நான் பார்க்கும் கணக்கு எளிது: நடுவில் டைஸ் உருண்டதா, அல்லது எதிராளி ஏதாவது சொல்லி உங்களுக்குப் புது விஷயம் தெரிந்ததா? இல்லையென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சுட மறந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டவரைப் பரவாயில்லை சுடுங்கள் என்பேன். சுட்டு முடித்து, முடிவு பார்த்துவிட்டு, அப்படியானால் அந்த டாங்கியை அங்கே நிறுத்தியிருக்கமாட்டேன் என்றால், தம்பி, அது நடக்காது.

இதன் மறுபக்கம் மறைத்து வைத்து அடிப்பது. எதிராளி நகரும்போதே குறுக்கே சுடும் வசதி போன்ற சில திடீர் வசதிகள் விதியில் உண்டு, அவருடைய படையின் எல்லாத் தந்திரங்களையும் நான் மனப்பாடம் செய்திருக்க முடியாது. மேலும் புள்ளிகளும் விதிகளும் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகின்றன, ஒருவர் போனில் பழையது, இன்னொருவர் போனில் புதியது. அதனால் ஆட்டம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் தன் படையின் வில்லங்கமான விஷயங்களைச் சொல்லிவிடுவது மரியாதை. நான் போய் மாட்டிக்கொண்ட பிறகு சிரித்துக்கொண்டே அட்டையை நீட்டுபவரிடம் ஒருமுறை தோற்பேன், இரண்டாம் முறை அவரோடு மேசை போடமாட்டேன். போட்டிகளில் இதற்கு மாற்றுக் கருத்து இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கட்டி வந்தவன் எதிராளிக்குப் பாடம் நடத்த வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். விதியில் தகராறு என்றால் இரண்டு நிமிடம் தேடலாம், கிடைக்காவிட்டால் டைஸ் போட்டுத் தீர்த்துவிட்டு நகர வேண்டும். பழைய பதிப்புகளின் விதிப்புத்தகமே அதைத்தான் சொன்னது.

பொம்மையைத் தொடுவது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றவாளி நான். கீழே மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தால்ச்சாவும் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவினேன் என்ற பெயரில் நனைத்துக்கொண்டு மேலே ஏறினேன். பக்கத்து மேசையில் ஒருவர் வைத்திருந்த கொடி பிடித்த வீரன், கொடியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிழல் போட்டிருந்தது. அடடா என்று கொடியைப் பிடித்துத் தூக்கினேன். டிக் என்று ஒரு சத்தம், உளுந்து வடையின் ஓரத்தைக் கிள்ளுவது மாதிரி. கொடி என் கையில், வீரன் மேசையில், கொடித் துணியில் என் கட்டைவிரல் ரேகை மஞ்சளாக. அவர் திட்டவில்லை. "பரவாயில்ல அங்கிள், ஒட்டிக்கலாம்" என்றார். மூன்று வாரம் இரவு பதினொன்றுக்கு மேல் உட்கார்ந்து அடித்தது என்று பின்னால் இன்னொருவர் சொன்னார். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்தால் பேஸைப் பிடித்து எடுங்கள், சோப்பு போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள்.

பெயின்ட் அடிக்காத படையைக் கொண்டுவரலாமா என்பதில் எனக்கு ஊரோடு ஒத்துப்போகாத கருத்து. 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில் ஆட்டத்தின் நூறு வெற்றிப் புள்ளியில் பத்து, படை முழுவதும் பெயின்ட் அடித்திருந்தால் கிடைப்பது. போட்டிக்குச் சரி. ஆனால் சாம்பல் பிளாஸ்டிக்கைப் பார்த்து ஒரு பையனை நக்கலடிப்பவர்கள், இந்த ஊர்க் காற்றில் பெயின்டுக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே பிரைமரை அடித்துப் பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை. மழைக்கு முன் அடித்தால் ஈரத்தில் வண்ணம் பொடிப்பொடியாகப் பூத்து, வீரர்கள் எல்லாம் மாவில் புரட்டியெடுத்த நெத்திலி மாதிரி ஆகிவிடுவார்கள். அடுக்குமாடியில் பால்கனி இல்லாதவன் நடைபாதையில் அடிக்க வேண்டும், எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்து மூக்கைப் பொத்துவார். அவனும் ஆடட்டும். வேறு பொம்மையை இதுவாக வைத்துக்கொள் என்பதும் அப்படித்தான்: பேஸ் அளவு ஒன்றாக இருந்து, ஆட்டத்துக்கு முன் சொல்லி, ஒரு பொம்மை ஒரே ஒரு வேடம் போட்டால் எனக்குச் சம்மதம். மைலோ டின் சுவராக நிற்கலாம், தளபதியாக நிற்கக் கூடாது.

கோலாலம்பூருக்கே உரிய ஒன்று இருக்கிறது, மொழி. விதி ஆங்கிலத்தில், மேசையைச் சுற்றி நாலு மொழி. இருவர் இருவராக ஆடும்போது நானும் என் கூட்டாளியும் தமிழில் திட்டம் போட்டால் எதிரில் நிற்கும் சீன நண்பர்களுக்கு ஒன்றும் புரியாது, அவர்கள் கான்டனீஸில் பேசினால் எங்களுக்குப் புரியாது. திட்டத்தை ரகசியமாகப் பேசுவது நியாயம்தான். ஆனால் "அளவு சரியா வெச்சியா", "பரவாயில்ல விடு, அவன் பாக்கல" போன்றவையும் அதே மொழியில்தான் வரும், சொல்லும் விதத்திலேயே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம், திட்டம் எந்த மொழியிலும் இருக்கலாம், எண்ணிக்கையும் அளவும் விதியும் எல்லோருக்கும் புரியும் மொழியில். எதிராளி மஃரிப் தொழப் போக வேண்டும் என்றால் கடிகாரத்தை நிறுத்துவோம், புவாசா என்கிற நோன்பு மாதத்தில் மேசையில் தின்பண்டம் எடுப்பதில்லை. இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை.

வெயிலில் எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வருபவர்கள் தயவுசெய்து மாற்றுச் சட்டை ஒன்று கொண்டுவரவும். விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, இரண்டாம் சுற்றிலேயே கை கொடுத்துவிட்டுக் கிளம்புவது. தோல்வி நிச்சயம் என்றால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. ஆனால் எதிராளி கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்திருப்பார், ஐம்பது பொம்மையை நுரைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பார், நாற்பது நிமிடத்தில் மறுபடி அடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? "நீங்க ஜெயிச்சாச்சு, ஆனா அந்த மூலையில இருக்கிற சண்டைய மட்டும் பாத்துட்டுப் போகலாமா" என்று கேட்கலாம். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகு சுவர்களையும் இடிபாடுகளையும் இருவரும் சேர்ந்து பெட்டியில் அடுக்கி, மேசைக்கு அடியில் டார்ச் அடித்து உருண்டுபோன டைஸைத் தேட வேண்டும். அன்றைக்குச் சாய்ந்து கிடந்த அந்த டைஸ் என் பெட்டிக்குள்தான் வந்து சேர்ந்திருக்கிறது. என்னுடையவை கறுப்பு, அது பச்சை, யாருடையது என்று அவரிடம் கேட்டு வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.